மடியில் பிளக்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் வரிவரியாகக் கிடத்தியிருக்கிறது. ரேடியோக்காரரைவிட வயதில் மூத்த ஆம்ப்ளிஃபையர் மூடி கழன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. உப்பிப்போன கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதியவற்றைப் பற்றவைக்கவே மூன்று ஞாயிறுகள் போய்விட்டன. அறை முழுக்க ஈயப் புகை. பக்கத்தில் இருக்கும், இருபுறமும் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில், கடலுக்கு அந்தப்புறம் இருக்கும் தம்பி இரைச்சலுக்கு நடுவே கேட்கிறான்: "அண்ணே, போன வாரம் கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரியாவது கேட்டுச்சு. இன்னிக்கு அதுவும் இல்ல. இருக்கீங்களா?" குரலைப் பெருக்கி அனுப்பும் இந்த ஆம்ப்ளிஃபையர் உயிர்பெற்றால்தான் இவர் குரல் அங்கே எட்டும். அதன் பிளக்கோ, இரவு டூட்டி முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனைவியின் மடியில். இவர் பிளக்கைப் பிடுங்க மறந்து உள்ளே கைவிட்டு, ஷாக் அடித்துச் சுவரோரம் போய் விழுந்த நாளிலிருந்து வீட்டுச் சட்டம் அது. மூடியைப் பூட்டி, இரண்டு கைகளையும் காட்டினால்தான் பிளக் திரும்பி வரும். கடைசித் திருகாணியை முறுக்கி, கடுக்கும் கழுத்தோடு நிமிர்கிறார். அவள் வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்குகிறாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்குறேண்ணே," தம்பியின் குரல் தேய்கிறது. இவர் குனிந்து ஒயரை மெல்ல இழுக்கிறார். அவள் விரல்கள் இறுகுகின்றன. "கையக் காட்டுங்க," என்கிறாள், கண்ணைத் திறக்காமலே. மூடிய அந்த இமைகளுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி நிற்கிறார்.