கொலைகாரன் யார் என்று சொன்ன குற்றம்

1941ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், தூறல் விட்டிருந்த ஒரு மாலை. விளக்கு வைக்கும் நேரம். சேலம் பக்கத்து இளம்பிள்ளைக்கு அடுத்த ஊரில், டூரிங் கொட்டகையின் வாசலில், முதல் ஆட்டத்துக்கு முன்பாக ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

குற்றம் சாட்டப்பட்டவள் நெசவாளி குழந்தைவேலின் மனைவி நல்லம்மாள். குற்றம், கொலைகாரன் யார் என்று வெளியில் சொன்னது.

கொலை நடந்தது படத்தில்தான். ஒரு தடியனும் ஓர் ஒல்லியும் துப்பறியக் கிளம்பி, ஜமீன் பங்களாவில் மாவுப் பானைக்குள் விழுந்து, மாடிப்படியில் உருண்டு, ஜமீன்தாரைக் கொன்றவனைக் கடைசி ரீலில் பிடிக்கும் படம்.

கொலைகாரன் யார் என்பது வெளியே தெரிந்தால் கூட்டம் வராது. ஆகவே கொட்டகை முதலாளி தங்கசாமி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டம் முடிந்து வெளியேறும் ஒவ்வொருவரும் வாசலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, 'சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். மழைக்குச் சாக்குக் கொங்காடையைத் தலையோடு போர்த்தி வந்தவர்கள்கூட அதற்குள்ளிருந்து கையை நீட்டிச் சத்தியம் செய்தார்கள்.

கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை அந்தப் பக்கத்தில் எவரும் மீறுவதில்லை. படம் பார்த்தவர்கள் பாராதவர்களைக் கண்டு சிரித்ததோடு சரி.

தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருந்தவர் ஊர்ப் பெரியதனக்காரர் அர்த்தநாரி. சினிமா குடி கெடுக்கும், அந்தக் கொட்டகைக்குள் என் நிழல்கூட விழாது என்று சந்தைதோறும் சொல்லிவந்தவர். தம் வீட்டுப் பெண்கள் ஒருவரையும் அவர் படத்துக்கு அனுப்பவில்லை.

"படமே பாக்காத மனுசர். இவுங்களை உட்டா நடுநாயம் சொல்ல ஆரு இருக்கறாங்க?" என்று தங்கசாமியே போய் அழைத்து வந்திருந்தார்.

"ஏம் புள்ள, சத்தியம் பண்ணீட்டுத்தானே போனே?" என்றார் அர்த்தநாரி.

"ஆமாங்க சாமி."

"அப்புறம் உங்க அத்தைகிட்டச் சொன்னியா, இல்லியா?"

"சொன்னனுங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"அத்தை தறிக்குழியில எறங்கறப்பக் காலை முறிச்சுக்கிட்டாங்க. ஆடியில இருந்து கட்டல்லதான் கெடக்கறாங்க. சிரிச்சு நாளாச்சுங்க. அதனால நானே தடியனாட்டம் நடந்து, ஒல்லியாட்டம் உழுந்து காட்டுனனுங்க."

"நீயா உழுந்தே?"

"நேத்து நெசமாலுமே மாவுப் பானைக்குள்ள உழுந்துட்டனுங்க. அத்தை சிரிச்ச சிரிப்புல பக்கத்து ஊட்டுக்காரங்க ஓடியாந்துட்டாங்க. அந்நேரம் பாத்து, 'கொலைகாரன் ஆரு அம்முணி?'ன்னு அத்தை கேட்டாங்க."

கூட்டம் சிரித்தது. அர்த்தநாரி கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"என்ன சிரிப்பு? சத்தியம்னா வெளையாட்டா? சினிமாப் பாத்தாப் புத்தி இப்படித்தான் போகும். நல்லாக் கேட்டுக்குங்க. சத்தியத்தை மீறுனவங்க ஆரா இருந்தாலும் செரி, ஊர்ச்சனம் அத்தனைக்கும் தன் சொந்தச் செலவுல ஒரு ஆட்டம் காட்டோணும். இதுதான் தீர்ப்பு. இதுல மறுபேச்சு இல்லை."

குழந்தைவேலின் முகம் வெளுத்தது. வீட்டிலிருந்த ஒரே எருமையை விற்றாலும் போதாது. தறியும் போக வேண்டியதுதான்.

"சாமி, ஒண்ணு மட்டும் சொல்லிக்கறனுங்க," என்றாள் நல்லம்மாள். "அத்தைகிட்ட நான் ஆரைச் சொன்னேன்னா..."

தங்கசாமி துள்ளி எழுந்தார். "ஐயோ, சொல்லிப்போடாதம்மா! டிக்கெட் வாங்குனவங்க நிக்கறாங்க!"

"சமையல்காரன்னு சொன்னனுங்க."

படம் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மேல்துண்டைக் கடித்தார். ஒருவர் வானத்தில் மழை தேடினார். தங்கசாமி வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டார்.

நல்லம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்காக ஒரு வார்த்தை பேச ஒருவராலும் முடியவில்லை. அத்தனை பேரும் கற்பூரம் அணைத்தவர்கள்.

அர்த்தநாரியின் மீசை துடித்தது.

"சமையல்காரனா? அடி கூறு கெட்டவளே! அந்தச் சோத்துமூட்டை என்ன பாவம் பண்ணுச்சு? விசிறிக் காம்புக்குள்ள கத்தியை ஒளிச்சு வெச்சிருந்தவன் வைத்தியனல்லோ! தடியன் மேல உழுந்து விசிறி ஒடைஞ்சுதே, அப்ப நீ கண்ணை மூடிக்கிட்டா இருந்தே?"

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூட்டம் முழுவதும் பெரியதனக்காரர் பக்கம் திரும்பியது.

"தெரியுமுங்க சாமி," என்றாள் நல்லம்மாள். "வைத்தியன்னு சொன்னாச் சத்தியம் போயிரும். சொல்லாம உட்டா அத்தை மொகம் வாடிப்போயிரும். அதனாலதான் மாத்திச் சொன்னேன்."

தங்கசாமி மெதுவாக அர்த்தநாரியின் அருகில் வந்தார்.

"ஏனுங்க, கொங்காடையை மூக்கு வரைக்கும் இழுத்துட்டு, தூண் மறைவுல உக்காந்து, எல்லாரையும் விட ஓசையாச் சிரிச்ச ஆளு நீங்கதானுங்களா?"

"ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் பெரியதனக்காரர். தீர்ப்பைத்தான் அவர் முன்பே சொல்லிவிட்டாரே!

அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு ஊர் முழுவதும் போயிற்று, அவர் வீட்டுப் பெண்கள் உட்பட. நல்லம்மாளின் அத்தை கந்தம்மாளைக் கட்டிலோடு தூக்கிச் சென்றார்கள். வைத்தியன் பிடிபட்டபோது, "படக்காரன் தப்பாச் சொல்றான், சமையல்காரன்தான்!" என்று அவள் கடைசிவரை வாதாடினாள்.

ஆட்டத்துக்கான செலவு முழுவதையும் அர்த்தநாரி அன்று விளக்கு வைப்பதற்கு முன்பே கட்டிவிட்டார். சத்தியம் தவறியதற்காக மாரியம்மன் கோவிலுக்குக் கொடுக்க வேண்டிய கற்பூரத்தை மட்டும், ஐப்பசிக் கடைசி வெள்ளியன்று தாமே கொண்டுபோய்க் கொடுத்தார், கொங்காடையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு.

அன்று மழை இல்லை.