சாப்பிடுகிறவள் சொல்கிறாள்

மலை ஆஸ்பத்திரியின் சின்ன அறை. பனிமூட்டம் ஜன்னல் கம்பி வரை வந்து நிற்கிறது. காப்பிப் பூவின் வாசம் டெட்டால் வாசத்தோடு கலந்து உள்ளே வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டு முறை சொல்லும் சாந்தாமேரி, மேசைமேல் காலித் தட்டு ஒன்றை வைத்துவிட்டு, எதிரே இருக்கும் நோயாளி மைமூனைப் பார்க்கிறார். "தினம் என்னங்க சாப்புடறீங்க?" பதில் சொல்வது அவள் கணவர் நூர் முகமது. "கேவுரு கஞ்சிதானுங்க. சோறு, கறி எல்லாம் நிறுத்தியாச்சு." மலையில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் துணிக்கடை வைத்திருப்பவர், வீட்டிலும் அவர் வெட்டியதுதான் அளவு. மைமூன் முக்காட்டை இழுத்துச் செருகுகிறாள். "சாப்புடறது நானுங்க, நான் சொல்றேன்." கணவர் பக்கம் திரும்பாமல் தொடர்கிறாள். "பசி தாங்காம, இவரு கடைக்குப் போனதும் பன்னு வாங்கித் திங்கறேன். போன வாரம் அடுப்படியில மயங்கி உழுந்தேன். ஊட்ல யாருக்கும் தெரியாது." தாடியைத் தடவிக்கொண்டிருந்த நூர் முகமதுவின் கை நின்றுவிடுகிறது. சாந்தாமேரி திட்டவில்லை. "மாத்திரை போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கி ஆளையே சாய்ச்சுருமுங்க," என்கிறார். தட்டில் விரலால் கோடு கிழிக்கிறார். "பாதிக்குக் காய். கால்வாசி சோறு. மிச்சத்துல மீனோ கறியோ. நேரந்தவறக் கூடாது." "பிரியாணிங்க?" என்று கேட்கிறாள் மைமூன். "அளவா, எப்பவாவது." மைமூன் தட்டையே பார்க்கிறாள். "அடுத்த மாசமும் கூட்டியாறேனுங்க," என்று நூர் முகமது எழுகிறார். அவள் உட்கார்ந்தபடியே நிமிர்கிறாள். "நீங்க கடையப் பாருங்க. பஸ் ஏற எனக்குத் தெரியும்."