கூடத்துப் பட்டை

இறந்துபோன மாமனாரின் மூன்று இழைப்புளி அலகுகளாலும் சவுரிராயன் மாங்கட்டையில் இழைத்துப் பார்த்தான். மூன்று துண்டிலும் வளைவு வெவ்வேறாக வந்தது. எது சரி என்று தெரியவில்லை.

திண்டிவனம் மிராசுதார் சீனுவாசனின் கூடத்தில், சுவரும் மச்சும் சேரும் இடத்தில் ஓடிய தேக்குப் பட்டையில் இரண்டு முழத்தைக் கரையான் அரித்துத் தூளாக்கிவிட்டது. புதுத்துண்டு பழசோடு ஒட்டுத் தெரியாமல் சேரவேண்டும். ஆனால் சேரியில் இருப்பவன் அந்த வீட்டுக்குள் போய்ப் பழசைப் பார்க்க முடியாது.

"குடுத்தது ஒரே ஒரு தேக்குத் துண்டுதான், மேரி. தப்பா இழைச்சா தோலை உரிச்சுடுவாரு."

அவன் மனைவி இருதயமேரி மூன்று துண்டுகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இதான். பயப்படாம இழைங்க."

"நீ என்னாத்தக் கண்ட?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பட்டையைக் கொடுத்துவிட்டு அவன் தெருவிலேயே நின்றான். உள்ளே வேலையாள் ஆணி அறையும் சத்தம் ஓய்ந்தது. சீனுவாசன் வெளியே வந்தார்.

"ஒட்டே தெரியலடா! உள்ள வராம எப்படிடா கண்டுபுடிச்ச?"

சவுரிராயன் வீட்டுக்கு ஓடிவந்து அதையே மேரியிடம் கேட்டான்.

"அந்தப் பட்டை எங்கப்பா இழைச்சது. சின்னதுல நான்தான் சாரத்துல ஏறி அது முழுக்க உப்புத்தாள் தேய்ச்சேன்" என்றாள் மேரி. "அவங்க பால் காய்ச்சிக் குடிபோற வரைக்கும், அந்த வீட்டுக்குள்ள நாங்கதான் போய்க்கினு வந்துக்கினு இருந்தோம்."