முன்சீட்டு ஈரம்

“அந்தப் பக்கம் கைய வுடாத ஃப்ரெடி. அங்கதான் எங்கப்பா மூத்திரம் போயி வெச்சிருக்காரு.”

மனோகர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரை விட்டு நாலடி தள்ளி நின்றார். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் இருக்கும் ஃப்ரெடியின் ஒர்க்‌ஷாப்புக்கு அவர் வந்தது அதற்காக இல்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழைய காரில் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் ஊற்ற ஊற்றக் குறைந்துகொண்டே இருந்தது. பங்காருபேட்டை தாண்டுவதற்குள் எஞ்சின் கொதித்துவிடுகிறது.

ஃப்ரெடி காலையிலிருந்து வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டிக் காற்று அடித்தால் அழுத்தம் காட்டும் முள் மெல்ல இறங்கியது. எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆனால் ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் காய்ந்து கிடந்தன. அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, புகையும் வெள்ளையாக வரவில்லை.

“வெளிய எங்கயும் இல்லண்ணா, உள்ளதான் பாக்கணும்” என்று அவன் முன்பக்க இடது கதவைத் திறந்தபோதுதான் மனோகர் அப்படிச் சொன்னார்.

“உங்கப்பாவா?”

“வேற யாரு? ரெண்டு மாசம் முன்ன கோலாருக்கு டாக்டர்கிட்ட இட்டுனு போனேன். எறங்கும்போது பாத்தா கால் வெக்கிற எடமெல்லாம் ஈரம். இன்னா இதுன்னு கேட்டா, குனிஞ்சி வெரலால தொட்டு மோந்து பாக்குறாரு. அப்பறம் ‘வயசாச்சுப்பா’ன்றாரு. கருமம்.”

“வேட்டி நனஞ்சிருந்துதா?”

“அதையெல்லாம் யாரு பாக்கறது? முப்பது வருஷம் மைன்ஸ்ல பம்ப் ஃபிட்டரு. ஷிப்டு பூரா கீழயே கெடந்தா அங்க ஏது பாத்ரூம்? நின்ன எடத்துலயே போவாங்களாம். அந்தப் பழக்கம் மேல வந்தா மட்டும் வுட்டுடுமா?”

சொல்லிவிட்டு மனோகர் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும் அப்பா காத்தவராயனுக்குத் தூசி இருமல் மட்டும் போகவில்லை. மகனுக்கு அதுவும் அருவருப்புதான். ஆனால் அப்பாவை வைத்துக் காப்பாற்றிய கதையைச் சொல்லும்போது மட்டும் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

“நான் இன்னா கொற வெச்சேன் சொல்லு. தனி ரூம், தனி தட்டு, தனி டம்ளர். அப்பவும் மூணு வருஷமா ஒரே பாட்டு, பூதிகோட்டைக்குப் போயி தங்கச்சி அமலா வூட்ல இருக்கேன்னு. ஆம்பளப் புள்ள நான் இருக்கும்போது பொண்ணு வூட்ல போயி சோறு தின்னா எங்க ஸ்கெலட்டன் ஏரியாவுல எவன் என்னை மதிப்பான்? முடியாதுன்னுட்டேன்.”

“அப்பறம்?”

“மூணாவது வாட்டியும் காரை நாறடிச்சாரு. நீயே கழுவுடின்னு தங்கச்சி வூட்ல கொண்டுபோயி எறக்கிட்டேன். ஒரு வார்த்தை பேசாம பைய எடுத்துனு எறங்கினாரு. ஒரு மாசம் ஆவுது. பினாயில் ஊத்தி நாலு வாட்டி கழுவிட்டேன், இன்னும் காயல. எறும்பு வேற மொய்க்குது. சுகர் பேஷண்ட் இல்ல?”

ஃப்ரெடி நிமிர்ந்து அவரையே பார்த்தான்.

“ஆளு போயி ஒரு மாசம் ஆச்சு. இன்னும் ஈரமா கீதா?”

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கால்மிதியை உருவி வெளியே போட்டுவிட்டு, கறுப்புக் கார்ப்பெட்டில் வெள்ளைப் பனியன் துணியை வைத்து அழுத்தினான். துணி பச்சையாக வந்தது. விரலால் தொட்டு மோந்தும் பார்த்தான். மனோகர் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

“இது மூத்திரம் இல்லண்ணா, கூலண்ட். டேஷ்போர்டுக்குப் பின்னால ஹீட்டருக்குன்னு ஒரு சின்ன ரேடியேட்டர் கீது. அது ஓட்டையாகி உள்ளயே ஒழுவுது. இனிப்பு வாசனை, அதான் எறும்பு. பெரியவரு ஒண்ணும் பண்ணல.”

கைக்குட்டை மனோகரின் மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. கடைசித் தடவை தன் வீட்டு வாசலில், தெருவே வேடிக்கை பார்க்க, “கீழ எறங்குய்யா” என்று தான் கத்தியது அவர் காதிலேயே கேட்டது. எழுபத்தெட்டு வயசு மனுஷர் தலையைக் குனிந்து நின்றிருந்தார். முதல் தடவையாக மனோகருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அப்போதே தங்கைக்குப் போன் போட்டார். போனை பானட் மேல் வைத்து ஸ்பீக்கரில் விட்டார். அமலா எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். பின்னால் கேரம் காய் அடிக்கும் சத்தமும், “தாத்தா, ஒங்க ஆட்டம்” என்று பிள்ளைகள் கூப்பிடுவதும் கேட்டது.

“அப்பா, அது நீ இல்லப்பா. கார்லேர்ந்துதான் கூலண்ட் ஒழுவியிருக்குது. இப்பதான் ஃப்ரெடி கண்டுபுடிச்சான். தெரியாம பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத. சாயந்திரமே வந்து வூட்டுக்கு இட்டுனு வந்துடறேன்.”

மறுமுனையில் செருமலும் இருமலுமாகக் கேட்டது. அப்பா அழுகிறார் என்று நினைத்து மனோகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃப்ரெடி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

காத்தவராயன் நிதானமாக இருமி முடித்தார்.

“அன்னிக்கே நான் கார் ஒழுவுதுன்னு சொல்லியிருந்தா, நீ என்னை இங்க வுட்டிருப்பியாடா?”