குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

"குழந்தைகளோடு போறவங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரமா? எங்க விடுதிக்கா?"

விடுதி மேலாளர், அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தை ஆசிரியரின் மேஜைமேல் விரித்து வைத்தார். வாடகையும் தொலைபேசி எண்ணும் சரிதானா என்று பார்க்க அனுப்பிய நகல் அது. அவர் கண் நேராக நட்சத்திரத்துக்குப் போயிருந்தது.

ஞாயிறு இணைப்பில் 'யாருக்கு எந்த விடுதி' பக்கம். பெரிய ஓட்டல் கட்டுப்படியாகாது, சின்ன லாட்ஜுக்கு மனசு வராது என்கிறவர்கள் விடாமல் படிப்பார்கள். வாரம் மூன்று விடுதி. புதிதாகக் கல்யாணமானவர்கள், வேலையாகப் போகிறவர்கள், வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் என்று நாலு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் நட்சத்திரம் தனி.

"வயசானவங்களுக்கு அஞ்சு போட்டிருக்கே" என்றார் ஆசிரியர்.

"அதான் சார் வயித்தெரிச்சல். மூணு குளம் வெட்டி, சறுக்குமரம் வெச்சு, செவுரெல்லாம் முயல் வரைஞ்சு, கட்டினதே பிள்ளைங்களுக்காக. பக்கத்து விடுதியில இருக்கறது ஒரே ஒரு ஊஞ்சல். அதுவும் கிரீச்சுனு கத்தும். அதுக்கு நாலு."

ஆசிரியர் சிரித்தார். "இந்தப் பக்கம் எழுதறவளுக்கு ஆபீஸ்ல பேரே ஒத்தை நட்சத்திரம். பிள்ளைங்க கட்டம் வந்தா கை இறுகிடும். தனிக்கட்டை. பிள்ளைங்களைக் கண்டா ஆகாதோ என்னவோ."

"எங்க ஆளுங்களும் சொன்னாங்க சார். அந்த மேடம் ரூமுக்குள்ள முட்டி போட்டுத் தவழ்ந்தாங்களாம். பெட்ஷீட் மாத்தப் போன பொண்ணு, ஏதோ புடிச்சிருக்குன்னு அலறி அடிச்சு ஓடி வந்துட்டா."

"இவ வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் இந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன். குளம் இருக்கா, ஊஞ்சல் இருக்கா, போடு அஞ்சு. ஒரு புகார்கூட வந்ததில்ல."

கதவுக்கு வெளியே மேஜையில் இருந்த அவளை உள்ளே கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டியவள். தோளில் எப்போதும் தொங்கும் பையோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, இவங்க விடுதிக்கு ஒண்ணை நாலாக்கிடு. அஞ்சு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்."

"ரெண்டாவது குளத்துக் கேட்ல கொக்கி சரியில்ல சார்."

"கொக்கியெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் மேலாளர். "வேலி இருக்கு, கேட் இருக்கு. வேற என்னதான் வேணும் மேடம்?"

அவள் பையிலிருந்து ஒரு நீல ரிப்பனை எடுத்தாள். சாயம் போன பழைய ரிப்பன். இரண்டு முனையிலும் முடிச்சு. ஒரு முடிச்சைச் செருப்பால் மிதித்துக்கொண்டு மறு முனையை நேராக மேலே இழுத்துப் பிடித்தாள். மேஜைக்குமேல் ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"மூணு வயசுப் பிள்ளை உயரம் இது. உங்க கொக்கி இங்க இருக்கு" என்று முடிச்சுக்கு நாலு விரல் கீழே தொட்டுக் காட்டினாள். "சும்மா தூக்கினாலே திறந்துக்குது."

"மூணு வயசுப் பிள்ளையைத் தனியாவா விடுவாங்க? அப்பா அம்மா பாத்துக்க மாட்டாங்களா?"

"பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க சார். டவல் எடுக்கத் திரும்புவாங்க."

ஆசிரியருக்குப் பொறுமை போனது. "இதோ பாரும்மா. நாலு போட முடியாதுன்னா அந்தக் கட்டத்தை விட்டுடு. பிள்ளை பெத்தவங்க யாராவது எழுதட்டும்."

அவள் ரிப்பனை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"அதுவும் ஒன்பது வருஷமா இதே ரிப்பன்" என்றார் அவர், விடாமல். "பிள்ளைன்னா வளராதா? எல்லாம் ஒரே அளவாவா இருக்கும்?"

"இவன் இதோட நின்னுட்டான் சார்."

மேலாளர் பக்கத்தை மடிக்கத் தொடங்கினார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நாளைக்கே கொக்கியை மேல ஏத்திடறேன் மேடம்."

"ஏத்திட்டுக் கூப்பிடுங்க. வந்து அளந்து பாத்துட்டு நாலு போடறேன். அதுவரைக்கும் ஒண்ணுதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஆசிரியர் தன்னிடமிருந்த மூலப் பக்கத்தை எடுத்து, ஒன்றை ஒன்றாகவே விட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கல சார்."

"எந்த விடுதி?"

"ஏரிக்கரைல, வெள்ளை வளைவு வெச்சது. இப்ப மூடிட்டாங்க. நானும் அவரும் மூணு விடுதியில எதுக்குப் போகலாம்னு ஒரு வாரம் யோசிச்சோம். நம்ம பத்திரிகையில அதுக்கு அஞ்சு போட்டிருந்தது. அதான் அங்க போனோம்."

ஆசிரியர் தலை தூக்கவில்லை. அந்த வெள்ளை வளைவின் கீழே நின்று அவர் எடுத்துக்கொண்ட படம்தான் அஞ்சு போட்ட வாரம் பக்கத்தின் மேலே வந்திருந்தது.

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஒரு புகார்கூட வரலைன்னு நீங்க சொன்னது வெளிய கேட்டது சார். அப்பவே புகார் எழுத உக்காந்தேன். நாலு தடவை. கை வரல. அப்புறம்தான் இந்த வேலைக்கு மனு போட்டேன்."