முந்தி வந்த டிக்

தையல்காரரின் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். ரத்தத்தை முன்னே போகவிட்டு, அது திரும்பி வராதபடி இரண்டு இதழ்களும் மூடும்போதெல்லாம் 'டிக்' என்று கேட்கும். மனைவிக்கு ஒரே கொண்டாட்டம். அவர் சர்க்கரை டப்பாவை நெருங்கினாலே பிடித்துவிடுவாள்.

அன்று மாலை அந்த டிக் வாசலில் நுழைந்து, சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே டீ ஊற்றினாள். போன் அடித்தது.

"பஸ் வழியில படுத்துடுச்சு. வர லேட்டாகும்" என்றார் அவர்.

அவள் திரும்பினாள். நாற்காலி காலி. டிக், டிக்.

"போனை நெஞ்சுமேல வைங்க."

வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

"அது இங்க வந்து உக்காந்திருக்கு. நீங்க பத்திரமா வந்து சேருங்க."

"அதான் இன்னைக்கு பஸ்ல ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கலையா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நாற்காலியில் டிக் வேகமெடுத்தது. பிறகு எழுந்து, மெல்லச் சர்க்கரை டப்பா பக்கம் நழுவியது.