கொழும்பிலிருந்து ஏழு மணி நேரம்

“கொழும்புலேர்ந்து ஏழே மணி நேரத்துல வந்துட்டான், பாருங்க!”

ஜெபசெல்வி மகன் ஜீவமணியின் கையைப் பிடித்து இழுத்துவந்து கணவரின் கட்டிலருகே நிறுத்தினாள்.

பால்துரைக்கு முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சுவலி. கொழும்பில் வேலை பார்க்கும் மகனுக்குத் தந்தி கொடுக்கச் சொல்லி, ஞாயிறு காலை ஆறு மணிக்கே தம்பி தேவபிரசாதத்தை அனுப்பியிருந்தாள். இப்போது மணி ஒன்று.

“அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?” ஜீவமணி கேட்டான்.

“கண்டம் தாண்டிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

பால்துரை கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் குமாஸ்தா. படுக்கையிலும் தூரமும் நேரமும் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

“எதுலலே வந்த?”

“பிளேன்லப்பா. கொழும்புலேர்ந்து திருச்சி இருநூத்தி எண்பது மைல். ரெண்டு மணி நேரந்தான்.”

“திருச்சிலேர்ந்து இங்கன?”

“கார் பிடிச்சேன். அஞ்சு மணி நேரம்.”

அவர் விரல்விட்டுக் கூட்டினார். “கணக்கு ஏழு வருது. அப்ப தந்தி கிடைச்ச நிமிஷமே பிளேன் ஏறிட்டியோ?”

“பிளேன் கிளம்பப் போச்சுப்பா. ஓடிப்போய் ஏறிட்டேன்.”

அவன் கொண்டுவந்த தூக்குவாளியின் வாயைச் சேலைத் துணியால் கட்டியிருந்தது. ஜெபசெல்வி அவிழ்த்துப் பார்த்தாள். கஞ்சி.

“அங்க ஹோட்டல்ல வாங்குனதும்மா.”

தொட்டுப் பார்த்தவள் பூரித்துப் போனாள். “சுதந்திரம் வந்தப்புறம் பிளேன் என்னமா பறக்கு! கஞ்சிகூட ஆறலையே!”

பால்துரை ஒரு வாய் குடித்தார். சன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி இன்னொரு வாய் குடித்தார்.

அப்போது தேவபிரசாதம் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

“யக்கா, கோயில்ல ஆராதனை முடிய நேரமாயிட்டு. இப்பத்தான் தந்தி ஆபீசுக்குப் போனேன். கொழும்பு விலாசம் கேக்காவ, எழுதித் தா.”

சொல்லி முடித்த பிறகுதான் கட்டிலருகே நின்ற மருமகனைப் பார்த்தான். திறந்த வாய் மூடவில்லை.

ஜீவமணி தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் கொழும்புக்குப் போகவே இல்லப்பா. எட்டு மாசமா பெரியதாழைப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்கேன். மீன் லாரிக்காரர் வந்து உங்களுக்கு முடியலன்னு சொன்னாரு. கேட்டதும் கையும் ஓடல, காலும் ஓடல.”

“அடப்பாவி! பக்கத்துல இருந்துக்கிட்டு எதுக்குலே கொழும்புன்னு சொன்ன?” ஜெபசெல்வி அழுதேவிட்டாள்.

அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தான்.

பால்துரை வாயைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“ஏலே, வாசல்ல ஜட்கா வண்டிக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்காளே எம் மருமக, அவள மொதல்ல உள்ள கூட்டிட்டு வா!”